உயிர் அறியாத பிணைப்பு

நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நெற்பயிர் வேர் வழியாகச் சிலிக்கானை உறிஞ்சி இலையிலும் உமியிலும் படிய வைத்துக்கொள்கிறது. அந்தச் சொரசொரப்புதான் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக அதற்குள்ள காப்பு. கடலில் மிதக்கும் டயட்டம் என்ற நுண்பாசிகள் தங்கள் ஓட்டையே கண்ணாடியால் கட்டிக்கொள்கின்றன. பூமியின் மேலோட்டு எடையில் கால் பங்குக்கு மேல் சிலிக்கான். அளவில் ஆக்சிஜனுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். இவ்வளவு மலிந்து கிடந்தும், நெல்லோ டயட்டமோ வேறு எந்த உயிரோ தானாக ஒரு சிலிக்கான் அணுவைக் கார்பன் அணுவோடு நேராக இணைத்ததாகக் கண்டறியப்படவில்லை. உயிர்களிடம் உள்ள சிலிக்கான் எல்லாம் ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடப்பதுதான்.

சிலிக்கான்–கார்பன் பிணைப்பு மனிதர் கையால் பிறந்தது. மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் அது இன்று செய்யும் வேலைகளில் பலவற்றுக்கு அந்தப் பிறப்பே காரணம். உடலிடம் இந்தப் பிணைப்பை அடையாளம் காணவும் வழியில்லை, அறுக்கவும் கருவியில்லை. அதனால் சில சமயம் உடல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. சில சமயம் அதனிடம் ஏமாந்துபோகிறது.

முதல் பிணைப்பு 1863இல் பாரிஸில் உருவானது. சார்லஸ் ஃப்ரீடல் அங்கே சுரங்கக் கல்லூரியின் கனிமச் சேகரிப்பைக் கவனித்துவந்த வேதியியலர். ஜேம்ஸ் மேசன் கிராஃப்ட்ஸ் பாஸ்டனிலிருந்து வந்திருந்த இளம் அமெரிக்கர். காற்று பட்டாலே தீப்பிடிக்கும் டைஎத்தில் துத்தநாகத்தையும், ஈரம் பட்டாலே புகையும் சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குழாயின் வாயை உருக்கி மூடி, சூடேற்றினார்கள். கிடைத்தது டெட்ராஎத்தில் சிலேன்: நடுவில் ஒரு சிலிக்கான், சுற்றிலும் நான்கு எத்தில் தொகுதிகள். இரண்டு முரட்டுப் பொருள்கள் பெற்ற பிள்ளை பரம சாதுவாக இருந்தது; காற்றும் நீரும் அதை அசைக்கவில்லை. 1877இல் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த வேறொரு வினை இன்று வேதியியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களுடைய சிலிக்கான் வேலை அதன் நிழலில் மறைந்துபோனது.

அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே, செவ்ர் பீங்கான் ஆலையோடு தொடர்புள்ள ஜாக்-ஜோசப் எபெல்மென் சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் ஆல்கஹாலையும் சேர்த்து எத்தில் சிலிகேட் என்ற திரவத்தைத் தயாரித்திருந்தார். அதில் சிலிக்கான் ஆக்சிஜன் வழியாகத்தான் கார்பனைத் தொட்டது. ஈரக்காற்று மெல்ல மெல்ல உள்ளே புகும்படி விட்டுவைத்தால் அந்தத் திரவம் கெட்டித் தெளிவான கண்ணாடியாக உறைந்தது. எதற்கும் அசையாத பிணைப்பு ஒன்று. ஈரம் பட்டதும் கண்ணாடியாகிவிடும் பிணைப்பு மற்றொன்று. இந்த இரண்டையும் ஒரே மூலக்கூறில் பொருத்தும் வித்தைதான் பின்னர் உடலுக்குள்ளும் ஆற்று நீருக்குள்ளும் இந்தச் சேர்மங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு நூறு ஆண்டுகள் பிடித்தன.

இடையில் வருகிறவர் ஃப்ரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங். பிறந்தது மான்செஸ்டரில், ஃப்ரீடலும் கிராஃப்ட்ஸும் குழாயை மூடிய அதே 1863இல். 1897இல் நாட்டிங்ஹாம் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து, அடுத்த நாற்பது ஆண்டுகளில் கரிமசிலிக்கான் பற்றி மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். வில்லியம் பெர்க்கின், ஆர்தர் லாப்வொர்த், கிப்பிங் மூவருமே பெயர்பெற்ற வேதியியலர்கள். மூவரும் ஹாலண்ட் குடும்பத்துச் சகோதரிகள் மூவரை மணந்த சகலைகளும்கூட. பெர்க்கினும் கிப்பிங்கும் சேர்ந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களின் மேசையில் இருந்தது.

கிப்பிங்குக்குக் கை கொடுத்தது பிரான்சில் விக்டர் கிரின்யார் 1900இல் அறிமுகப்படுத்திய மெக்னீசிய வினைப்பொருள். எரியும் துத்தநாகச் சேர்மத்தோடு இனி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 1904 முதல் அந்த வழியில் விதவிதமான சிலேன்களைக் கட்டினார். நான்கு வெவ்வேறு தொகுதிகள் சூழ்ந்த கார்பனைப் போலவே சிலிக்கானும் இடக்கை, வலக்கை வடிவங்களைத் தரும் என்று 1907இல் காட்டினார். கார்பன் வேதியியலின் அழகான படிகங்கள் சிலிக்கானிலும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் கார்பன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போடும் இடத்தில் சிலிக்கான் அப்படிச் செய்யவில்லை. ஆக்சிஜனை நடுவில் வைத்து அடுத்த சிலிக்கானோடு கைகோத்து நீண்டுகொண்டே போனது. குடுவையின் அடியில் பசையும் பிசினும்தான் தேங்கின. கிப்பிங் அவற்றைத் தொல்லையாகவே பார்த்தார். 1936இல் லண்டன் ராயல் சொசைட்டியில் பேக்கேரியன் சொற்பொழிவு ஆற்றியபோது, இந்தத் துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை என்று சொல்லித்தான் முடித்தார்.

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் ஹைட் அந்தப் பிசினைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இழையால் நெய்த நாடாவை மின் மோட்டார்களுக்குக் காப்பாகச் சுற்ற வேண்டும். இழை சூட்டைத் தாங்கும், அதைப் பிணைக்கும் ரெசின் தாங்காது. கிப்பிங் வெறுத்த பசையோ தாங்கியது. ஷெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் யூஜீன் ரோக்கோ இன்னொரு கோணத்தில் யோசித்தார். எத்தில் தொகுதியில் கார்பன்–கார்பன் பிணைப்பு இருக்கிறது, சூட்டில் முதலில் முறிவது அதுதான். மெத்தில் தொகுதியில் அந்தப் பலவீனமே கிடையாது. 1940 மே 10 அன்று, செம்பு கலந்த சிலிக்கான் தூளின் மேல் சுமார் 300 டிகிரி செல்சியஸில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தினார். மெத்தில்குளோரோசிலேன்கள் நேராகக் கிடைத்தன. மெக்னீசியமும் வேண்டாம், ஈதரும் வேண்டாம். ஜெர்மனியில், டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள ராடெபோய்லில், ரிச்சர்ட் முல்லரும் போர்க்காலத்தில் இதே வழியைத் தனியாகக் கண்டார். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கைகோத்து நீளும் அந்தப் பசை, பிசின் வகைப் பொருள்களுக்குச் சிலிகோன் என்று பெயர்; இன்றும் உலகின் சிலிகோன் உற்பத்தி இந்த வழியில்தான் நடக்கிறது.

1943இல் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்டில் டவ் கார்னிங் நிறுவனம் பிறந்தது. அதன் முதல் சரக்குகளில் ஒன்று, போர் விமானங்கள் உயரத்தில் பறக்கும்போது பற்றவைப்புக் கம்பிகளில் ஈரம் படிந்து மின்சாரம் கசியாமல் காக்கும் சிலிகோன் களிம்பு.

போர் முடிந்ததும் முதலில் கவனித்தவர்கள் இரத்தத்தோடு வேலை செய்பவர்கள். கண்ணாடியைத் தொட்டதும் இரத்தம் உறையத் தொடங்கிவிடும். கனடாவில் லூயிஸ் ஜாக்ஸும் உடன் இருந்தவர்களும் கண்ணாடிக் குழாயின் உட்புறத்தை மெத்தில்குளோரோசிலேனால் பூசிப் பார்த்தார்கள். இரத்தம் உறைய வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டது. 1946இல் அந்த முடிவு வெளியானது. பூச்சு செய்தது எளிய காரியம். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள ஆக்சிஜனைச் சிலிக்கான் பிடித்துக்கொள்கிறது. மெத்தில் தொகுதிகள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கின்றன. இரத்தத்தின் பார்வையில் அங்கே கண்ணாடியே இல்லை.

அடுத்தது மூளை. பிலடெல்பியாவுக்கு அருகே பூட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த ஜான் ஹோல்டரின் மகனுக்கு மூளையில் நீர் தேங்கும் நோய். தேங்கும் நீரைக் குழாய் வைத்து இரத்த ஓட்டத்துக்குள் வடித்துவிட வேண்டும். ஆனால் நீர் ஒரே திசையில்தான் போக வேண்டும், இரத்தம் திரும்பி ஏறக் கூடாது. கொதிநீராவியில் கிருமி நீக்கினாலும் உருக்குலையாத பொருள் வேண்டும், உடலும் அதை எதிர்க்கக் கூடாது. ஹோல்டர் சிலிகோன் ரப்பரில் மெல்லிய பிளவுகள் போட்டு ஒரு வால்வு செய்தார். 1956இல் அறுவை மருத்துவர் யூஜீன் ஸ்பிட்ஸ் அதைக் குழந்தைகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பூடென்ஸும் சிலிகோனில் இதே முயற்சியில் இருந்தார். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். சுமார் 35 டாலர் விலையுள்ள அந்தக் கருவியை உகாண்டாவில் குழந்தைகளுக்குப் பொருத்தி, 650 டாலர் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2005இல் அறிவித்தார்கள்.

கண்ணுக்குள்ளும் அது போனது. பிரிந்துவிட்ட விழித்திரையை அழுத்திப் பிடித்துவைக்கச் சிலிகோன் எண்ணெயைக் கண்ணுக்குள் செலுத்தும் முறையை பால் சிபிஸ் 1962இல் வெளியிட்டார்; இன்றும் நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் அது நடக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் அங்கமாக மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்நீர் அழுத்த நோயாளிகளின் கண்ணிலிருந்து மிகை நீரை வடிக்கும் சிலிகோன் கருவியை 2013இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள தகடும் அதோடு ஒட்டிய மெல்லிய குழாயும்தான் அது. வெளிநாட்டுக் கருவிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்காகச் செய்தது.

சிலிகோனை உடல் கண்டுகொள்ளாது என்பது சரி. ஆனால் சிலிகோன் வழியாகச் சில மூலக்கூறுகள் ஊடுருவிப் போகும் என்பதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஜூடா ஃபோக்மனும் டேவிட் லாங்கும் கண்டார்கள். சிலிகோன் குழாய்க்குள் அடைத்த மருந்து நாள்கணக்கில் மெல்லக் கசிந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் நார்ப்ளான்ட்: கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஆறு சிலிகோன் குச்சிகள், ஐந்தாண்டு கருத்தடை. முதல் அனுமதி 1983இல் பின்லாந்தில் கிடைத்தது.

நம்பிக்கை அளவு கடந்தபோது அடியும் விழுந்தது. மார்பகத்தில் வைத்த சிலிகோன் ஜெல் பைகள் கசிந்து நோய் தருகின்றன என்ற வழக்குகள் குவிந்ததால், 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் பொதுப் பயன்பாட்டை நிறுத்தியது. அவற்றைத் தயாரித்திருந்த டவ் கார்னிங் 1995இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பெரிய உடல்நோய்களுக்கும் அந்தப் பைகளுக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று இல்லை என்று 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு அறிக்கை தந்தது. ஆனாலும் பை கிழிவதும், சுற்றிலும் தழும்புத் திசு இறுகுவதும் மெய்யான தொல்லைகள் என்று அதே அறிக்கை பதிவு செய்தது. 2006இல் நிபந்தனைகளோடு அனுமதி திரும்பியது.

இதுவரை சொன்னவை உடலில் எதுவும் செய்யாமல் இருக்கும்படி தேர்ந்தெடுத்த பொருள்கள். கரிமசிலிக்கான் உடலோடு நேருக்கு நேர் மோதிய கதை வேறொரு திசையிலிருந்து வந்தது.

1961இல் டவ் கார்னிங்கின் ஃப்ரை, வோகல், ஹால் மூவரும் ஒரு விசித்திரமான மூலக்கூறுக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். மூன்று ஆல்காக்சி தொகுதிகளுள்ள சிலேனை ட்ரைஎத்தனாலமைனோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆல்கஹால் வெளியேறி, மூன்று வளையங்கள் கொண்ட ஒரு கூண்டு உருவாகிறது. கூண்டின் ஒரு முனையில் சிலிக்கான், எதிர் முனையில் நைட்ரஜன். தொடாமல் நிற்க வேண்டிய அந்த நைட்ரஜன் உள்நோக்கிச் சாய்ந்து தன் எலக்ட்ரான் இணையைச் சிலிக்கானிடம் நீட்டுகிறது. நான்கு பிணைப்போடு நிற்க வேண்டிய சிலிக்கானுக்கு ஐந்தாவது கை கிடைத்துவிடுகிறது. 1968இல் டர்லியும் போயரும் இந்தக் கூண்டுகளில் ஒன்றான ஃபினைல் சிலாட்ரேனின் படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, நைட்ரஜனுக்கும் சிலிக்கானுக்கும் இடையே 2.19 ஆங்ஸ்ட்ராம் தூரமே இருந்தது. வெறுமனே அருகருகே கிடக்கும் அணுக்களுக்கு நடுவில் இதைவிட வெகுவாக அதிக இடைவெளி இருக்கும்.

சிலாட்ரேன் என்று அவற்றுக்குப் பெயர் வைத்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுத்தவர் சோவியத் வேதியியலர் மிகயில் வோரன்கோவ். 1960களில் லாட்வியாவின் ரீகாவில் அவர் குழு கூண்டின் சிலிக்கான் மேல் ஃபினைல் வளையத்தைப் பொருத்தியபோது, அதுவரை யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எலிகளுக்கு அது ஸ்ட்ரிக்னினைவிடக் கொடிய நஞ்சாக இருந்தது. கிலோ எடைக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே வலிப்பு வந்து செத்தன. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் அயனிக் கால்வாயை அது அடைத்துவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. 1970களில் அமெரிக்காவில் குளோரோஃபினைல் சிலாட்ரேனை எலி மருந்தாகச் சோதித்தார்கள். செத்த எலியின் உடலில் அது நீரால் விரைவாகச் சிதைந்துவிடுவதால், அந்த எலியைத் தின்னும் பிராணிக்கு ஆபத்து குறைவு என்பது அதன் கவர்ச்சி.

ஃபினைலை எடுத்துவிட்டு அதே இடத்தில் எத்தில் அல்லது எத்தாக்சி தொகுதியை வைத்தால் நஞ்சு மறைந்துபோகிறது. குளோரோமெத்தில் தொகுதியை வைத்தால் காயம் ஆறுவதையும் முடி வளர்வதையும் அது தூண்டியதாக சோவியத் ஆய்வுகள் கண்டன. மிவால் என்ற பெயரில் வழுக்கைக்கு மருந்தாகவும், பயிர் வளர்ச்சி ஊக்கியாகவும் அது பயன்பட்டது. வோரன்கோவ் 1970இல் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நிறுவனத்துக்குத் தலைவராகப் போன பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. ஒரே கூண்டு, ஒரு தொகுதியை மாற்றினால் எமன், மற்றொன்றை வைத்தால் மருந்து. சிலாட்ரேன்களைக் கொண்டு கிருமிக்கொல்லியும் புற்றுநோய் மருந்தும் தேடும் ஆய்வுகள் இன்றும் அந்த முரணைத்தான் துரத்துகின்றன.

மருந்து அலமாரிக்கு வந்த சிலிக்கானுக்கு அண்மைய உதாரணம் ஜப்பானில் 2020 செப்டம்பரில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற அக்காலக்ஸ். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஹிசாட்டாக்கா கோபயாஷியின் ஆய்விலிருந்து வளர்ந்தது அது. ஒரு சிலிக்கான் தாலோசயனின் சாயத்தைப் புற்றுசெல்லை நாடிப் போகும் எதிர்ப்புப் பொருளோடு கட்டியிருக்கிறார்கள். சாயத்தின் நடுவில் உள்ள சிலிக்கான் மேலும் கீழும் நீரில் கரையும் தொகுதிகளைப் பிடித்திருக்கிறது. 690 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டதும் அவை கழன்று விழுகின்றன. நீரை விரும்பிய மூலக்கூறு நொடியில் நீரை வெறுப்பதாக மாறித் திரள்கிறது. அது ஒட்டியிருந்த செல்லின் சவ்வு கிழிகிறது.

உயிரால் ஆகாது என்ற கூற்றும் ஆட்டம் கண்டுவிட்டது. கால்டெக்கில் ஃப்ரான்சிஸ் ஆர்னால்டின் ஆய்வுக்கூடம் 2016இல், ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சைட்டோகுரோம் புரதத்தை எடுத்து, மூன்று இடங்களில் மட்டும் அமினோ அமிலத்தை மாற்றியது. அந்தப் புரதம் சிலிக்கானையும் கார்பனையும் இணைத்தது. அதுவரை வேதியியலர்கள் கட்டிய வினையூக்கிகளைவிடத் திறமையாகவே இணைத்தது. நொதிகளை இப்படிப் படிப்படியாகத் திருத்தும் கலைக்காக ஆர்னால்டுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2024இல் அவர் குழுவும் டவ் நிறுவனமும் சேர்ந்து எதிர்த்திசையில் போயின: சிலிகோன் எச்சங்களில் உள்ள சிலிக்கான்–கார்பன் பிணைப்பை அறுக்கும் நொதி. அதற்குத் தேவையும் இருந்தது. ஷாம்புவிலும் கிரீமிலும் சேரும் வளையச் சிலாக்சேன்கள் நீரில் எளிதில் அழிவதில்லை என்பதால், அவற்றில் டி4, டி5 என்ற இரண்டையும் கழுவி விடும் அழகுப் பொருள்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது.

எபெல்மென் கண்ட இரண்டாவது குணம், அதாவது ஈரம் பட்டால் கண்ணாடியாவது, வேறொரு பாதையில் நடந்தது. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட், கண்ணாடி இழையை அல்லைல் ட்ரைஎத்தாக்சிசிலேனில் நனைத்துவிட்டுப் பாலியெஸ்டரில் பதித்தபோது, பலகையின் வலு ஏறத்தாழ இரட்டிப்பானது. மூலக்கூறின் எத்தாக்சி முனை கண்ணாடியோடு ஒன்றாகிவிடுகிறது. சிலிக்கான்–கார்பன் பிணைப்பு அசையாமல் மறுமுனையைத் தாங்கி நிற்கிறது. மறுமுனையில் எதை வைக்கிறோமோ கண்ணாடிக்கு அந்தக் குணம் வந்துவிடும். 1969இல் கார்னிங்கில் ஹோவர்ட் வீட்டால் மறுமுனையில் அமினோ தொகுதியை வைத்து, துளைகள் நிறைந்த கண்ணாடியில் டிரிப்சின், பப்பெயின் நொதிகளைக் கட்டினார். நொதிகள் வேலையை நிறுத்தவில்லை. பப்பாளிப் பாலில் கிடைக்கும் நொதியைக் கண்ணாடித் தூளில் ஒட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

உலோகங்கள் இந்த மறுமுனைக்கு வந்தது நச்சுநீரின் வரலாற்றோடு பின்னியது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த மீனைத் தின்றவர்களின் நரம்பு நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நம் கொடைக்கானலில் 2001இல் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் புகாரில் மூடப்பட்டது. இந்தியக் குடிநீர்த் தர விதியின்படி ஒரு லிட்டரில் பாதரசம் 0.001 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இவ்வளவு சிறிய அளவை அளக்கும் கருவிகள் 1950களில் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் வகுத்த அணு உறிஞ்சல் முறையிலிருந்தே இருக்கின்றன. ஆனால் அவை விலை மிகுந்தவை. மாதிரி நீர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

முதலில் உலோகத்தைப் பிடிப்பதற்கு வழி கண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுக்கூடத்தினர் 1997இல், தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட சிலிக்காவின் உட்சுவர்களில் கந்தகம் தாங்கிய மெர்காப்டோபுரொப்பைல் சிலேனை அடர்த்தியாக ஒட்டினார்கள். பாதரசம் கந்தகத்தை விடாது. அந்தத் தூள் தன் எடையில் ஏறத்தாழ பாதி அளவு பாதரசத்தை வாங்கிக்கொண்டது.

பிடித்ததை எப்படிச் சொல்ல வைப்பது? உலோகத்தைப் பற்றும் பகுதி ஒன்று, ஒளிரும் பகுதி ஒன்று, இடையில் ஓர் இணைப்பு என்ற அமைப்பைச் செம்மையாக்கியவர்களில் முதன்மையானவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா. பற்றும் பகுதியின் நைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான் தாவி ஒளிரும் பகுதியை அணைத்துவிடுகிறது; உலோக அயனி வந்து அந்த எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொண்டால் விளக்கு எரிகிறது. இந்தத் தத்துவத்தில் செய்த உணரிகள் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளக்கும் மருத்துவக் கருவிகளில் இடம்பெற்றன. ஓஹையோவில் ஆன்டனி சார்னிக் குழு 1997இல் வேறு வழி காட்டியது: நிறமற்றுக் கிடந்த ரோடமைன் பி ஹைட்ரசைடு, செம்பு அயனி வந்ததும் வளையம் திறந்து இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது.

இந்த உணரிகளைச் சிலிக்கானோடு கட்ட எளிய வழியைத் தந்தது கிளிக் வேதியியல். அசைடும் ஆல்கைனும் செம்பு வினையூக்கியால் சேர்ந்து டிரையசோல் வளையமாகும் வினையை 2002இல் மார்ட்டன் மெல்டாலும், பாரி ஷார்ப்லெஸ் குழுவும் தனித்தனியே வெளியிட்டார்கள். 2022இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. டிரையசோலின் நைட்ரஜன்கள் தாமே உலோகத்தைப் பற்றும். சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் துறை இந்த வழியில் நிறைய உழைத்திருக்கிறது. அசைடு தாங்கிய ட்ரைஎத்தாக்சிசிலேனை ஒரு பக்கம், ஷிஃப் காரம் போன்ற பற்றும் பகுதி தாங்கிய ஆல்கைனை மறுபக்கம் வைத்து இணைப்பார்கள். தேவைப்பட்டால் ட்ரைஎத்தனாலமைன் சேர்த்து சிலாட்ரேன் கூண்டாக மூடுவார்கள். செம்பு, பாதரசம், இரும்பு அயனிகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, உறிஞ்சும் ஒளியும் வெளிவரும் ஒளியும் எப்படி மாறுகின்றன என்று வரைபடம் போடுவார்கள். எத்தனை அயனிக்கு எத்தனை மூலக்கூறு என்பதைக் காண உதவுவது பால் ஜாப் 1928இல் விளக்கிய முறை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. வினையூக்கியாகச் சேர்த்த செம்பை முழுக்கக் கழுவி எடுக்காவிட்டால், செம்பை உணர வேண்டிய மூலக்கூறு பிறக்கும்போதே வயிறு நிரம்பிவிடும்.

சிலிக்கான் இணைப்பாக மட்டும் நிற்காமல் விளக்குக்குள்ளேயே புகுந்ததும் உண்டு. ரோடமைன் போன்ற சாயங்களின் நடுவளையத்தில் உள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டு இரண்டு மெத்தில் தாங்கிய சிலிக்கானை வைத்த சாயத்தைச் சீன ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஒளி ஏறத்தாழ 90 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்ந்தது. சிவப்பு ஒளி தசையை எளிதில் ஊடுருவும், உடலின் சொந்த ஒளிர்வும் அங்கே குறைவு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டெட்சுவோ நாகானோ குழு 2011இல் அந்தச் சாயத்தோடு, ரோஜர் சியென் 1980இல் உருவாக்கிய கால்சியம் பிடிப்பானை இணைத்து, நரம்பு செல் தூண்டப்படும்போது உள்ளே ஏறி இறங்கும் கால்சியத்தைச் சிவப்பு ஒளியில் பார்த்தது. செல்லின் எலும்புக்கூட்டை உயிரோடு படம்பிடிக்கும் சிலிக்கான் ரோடமைன் சாயங்கள் இன்று கடையில் வாங்கக் கிடைக்கின்றன.

ஆற்று நீருக்கான உணரிகள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. பல மூலக்கூறுகள் அசிட்டோநைட்ரைலில் அழகாக வேலை செய்யும், நீரில் கரையாது. எத்தாக்சி முனை திறந்திருந்தால் நீரில் மெல்லச் சிலிக்காவாக உறைந்துவிடும், கூண்டாக மூடினால் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். ஆய்வாளர்கள் இப்போது அந்தப் பலவீனத்தையே பயன்படுத்துகிறார்கள். உணரியை நீரில் கரைக்க முயலாமல், சிலிக்கா பூசிய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களின் மேல் எத்தாக்சி முனையால் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். துகள்களை மாதிரி நீரில் கலக்கி, உலோகத்தைப் பற்றியதும் ஒரு காந்தத்தால் பக்கவாட்டில் இழுத்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு அமிலத்தில் கழுவி உலோகத்தை நீக்கி, அதே துகள்களை அடுத்த மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.